சம்பந்தி வீட்டு வோட்கா

நாரின் என்ற மலைப்பக்கத்து ஊரில் ஓமுர்பெக்கைத் தெரியாதவர் கிடையாது. வெல்டிங் வேலை. ஒரு காலத்தில் குடித்துவிட்டு வாய்க்காலில் கிடந்தவர். ஜெபக்கூட்டத்துக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து சொட்டுக்கூடத் தொட்டதில்லை. அப்பன் பாட்டன் மார்க்கத்தை விட்டுப்போனவன் என்று ஊர் அவரைத் திட்டியது. திட்டிக்கொண்டே தன் வீட்டு இரும்புக் கதவை அவரிடமே செய்யக் கொடுத்தது. ஊர் வாய் அப்படித்தான்.

அவரைப் பார்த்துத்தான் லாரி ஓட்டும் தாலாய் குடியை விட்டான்.

"வேதப் புத்தகமெல்லாம் எனக்கு ஏறாதுண்ணே. உன்னையே மாத்தின இயேசு என்னையும் மாத்துவாரு. அது போதும் எனக்கு" என்பான்.

இதைக் கேட்கும்போதெல்லாம் ஓமுர்பெக் பேச்சை மாற்றிவிடுவார். தன்னையே நம்ப முடியாதவனை இன்னொருவன் இப்படி நம்பினால் பயமாக இருக்காதா?

மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில், மலைக்கு அந்தப்புறம், பேரனுக்குத் தொட்டில் விருந்து. தாலாய்தான் தன் லாரியில் அவரை அழைத்துப்போனான். குதிரை இறைச்சி தீர்ந்ததும் சம்பந்தி வோட்காவை ஊற்றி நீட்டினார்.

"பேரன் ஆயுசுக்கு ஒரு வாய் சம்பந்தி. உங்க இயேசு கோவிச்சுக்குவாரா? இல்ல, எங்க வீட்டுது உங்களுக்கு ஆகாதா?"

பந்தியே சிரித்தது. தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மகள் முகம் வெளுத்துப்போனது. நாளைக்கு இவளை என்ன பாடு படுத்துவார்களோ என்ற பயம்தான் அவரைக் கவிழ்த்தது. வாங்கிக் குடித்துவிட்டார்.

எதிரே இருந்த தாலாய் அவரையே பார்த்தான். பிறகு தனக்கும் ஊற்றிக்கொண்டான்.

மதியம் பனி கொட்ட ஆரம்பித்தது. தாலாயைக் காணவில்லை, லாரியையும் காணவில்லை. மருமகன் ஜீப்பை எடுத்தான். ஒவ்வொரு வளைவிலும் ஓமுர்பெக் இறங்கிப் பள்ளத்தை எட்டிப்பார்த்தார். ஜெபிக்க வாய் வரவில்லை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பது?

கணவாய்க்குக் கீழே லாரி பனிக்குவியலில் மோதி நின்றிருந்தது. தாலாய் உள்ளே உட்கார்ந்திருந்தான், உயிரோடு. ஓமுர்பெக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

"பயந்துட்டியாண்ணே? இத்தனை நாளா நான்தான் பயந்து செத்தேன். நாக்கு தவிக்கிறப்பெல்லாம், ஓமுர் அண்ணனால மட்டும் எப்படி முடியுது, நான்தான் உருப்படாதவன்னு நெனச்சேன். ஆனா நீயும் என்னை மாதிரிதான். மேல அப்படி யாருமே இல்லை. இப்பத்தான் நிம்மதியா இருக்கு."

அவன் முகத்தில் நிஜமாகவே நிம்மதி இருந்தது. பள்ளத்தை எட்டிப்பார்த்தபோதுகூட ஓமுர்பெக்குக்கு இவ்வளவு பயம் வரவில்லை.

"தப்பு என்னோடதுடா. அவரு மேல தப்பில்லை."

கேலி துளியும் இல்லாமல் தாலாய் கேட்டான்.

"எவரு மேல?"