நான் போட்ட பூட்டு

புள்ளிகளை இணைத்துக் கோடு இழுத்து ஃபோனைப் பூட்டுகிறவர்களை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. கடைக்கு வந்து, நேற்று வரை நன்றாக ஞாபகம் இருந்தது, இன்றைக்கு மறந்துவிட்டது என்று நிற்பவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த ஒன்பது புள்ளி ஆட்கள்தான். எண் போட்டவனுக்குப் பிறந்த வருஷமாவது கைகொடுக்கும். கோடு இழுத்தவனுக்கு விரல்தான் துணை. விரல் பயந்துவிட்டால் முடிந்தது கதை.

பத்தாவதைப் பாதியில் விட்ட பிறகு ஓசூர், சேலம், எர்ணாகுளம், திருப்பதி என்று ஃபோன் சர்வீஸ் கடைகளில் உட்கார்ந்து வந்திருக்கிறேன். எந்த ஊரிலும் இரண்டு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. சில ஊர்களில் கடைக்குப் பின்னாலேயே படுக்கை. பெண் பிள்ளையா பிரிக்கப்போகிறது என்று ஃபோனைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. அதற்கெல்லாம் எனக்கு ஒன்றும் ஆனதில்லை. ஆனால் பூட்டிய ஃபோனோடு ஒருவர் படியேறும்போது இன்றைக்கும் உள்ளே யார் நம்பர் மாட்டிக்கொண்டது என்றுதான் முதலில் கேட்பேன். அது ஒன்பது வயதில் பிடித்துக்கொண்டது.

அப்போது நாங்கள் லிங்கராஜபுரத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்குப் பொம்மசந்திராவில் லேத் வேலை. ஐந்தரை மணிக்குக் கம்பெனி பஸ் பிடித்தால் திரும்ப இருட்டிவிடும். வீட்டுக்கு ஒரே ஒரு ஃபோன். அது தொடுதிரை ஃபோன். வாங்க வைத்தது சித்தப்பா. அவர் ஒரு மொபைல் ஷோரூமில் விற்பனையில் இருந்தார். உலகத்தில் வெளிவந்த எல்லா ஃபோனைப் பற்றியும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது; வெளிவராத ஃபோன்களைப் பற்றியும் இருந்தது. பட்டன் ஃபோனை அவர் செங்கல் என்பார். அப்பாவின் செங்கல்லைப் பிடுங்கி எங்கேயோ தள்ளிவிட்டு, இந்தப் புதியதில் தன் கையாலேயே ஒரு மெயில் ஐடியும் போட்டு, நம்பர்களையெல்லாம் ஏற்றிக் கொடுத்தார். அப்பா அதில் பேசுவதோடு சரி. நான்தான் மற்றதெல்லாம் செய்தேன். பறந்து வரும் பழங்களை விரலால் வெட்டும் விளையாட்டு ஒன்று அதில் இருந்தது. இன்றைய விளையாட்டுகளைப் போல நிமிஷத்துக்கு ஒரு விளம்பரம் காட்டி உயிரை வாங்காது. வெட்ட வேண்டியது, எண்ணிக்கை ஏற வேண்டியது. அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை காலையில் அம்மா ஒரு பையோடு தங்கவயலுக்குப் போனாள். அவள் பிறந்த வீடு அங்கேதான். இப்போது பெரியம்மா குடும்பம் அதில் இருந்தது. பெரியம்மாவுக்கு ஆபரேஷன், கூடமாட இருந்துவிட்டு வருவாள் என்று அப்பா சொன்னார். முந்தின நாள் சாயங்காலம் இருவரும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். குழாயைத் திறந்துவிட்டிருந்ததால் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு நர்சரி பள்ளியில் அம்மாவை உதவியாளாகக் கூப்பிடுகிறார்கள் என்பதும், அப்பா வேண்டாம் என்கிறார் என்பதும் மட்டும் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே வந்தன. அதற்கும் பெரியம்மாவின் ஆபரேஷனுக்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் அப்பா படுத்துவிட்டார். ஃபோன் என் கையில். கீழ்வீட்டுப் பையன் அடிக்கடி மேலே வந்து என் பழ எண்ணிக்கையைத் தாண்டிவிட்டு, தன் பெயரைப் போட்டுவிட்டுப் போவான். அன்றைக்கு நான் அதுவரை எட்டாத உயரத்தை எட்டியிருந்தேன். அதைக் காப்பாற்ற வேண்டும் என்று பூட்டு ஒன்று போட்டேன். சாதாரணப் பூட்டு அல்ல. ஒன்பது புள்ளியையும் தொட்டு, வாலும் வயிறுமாக ஒரு மீன். போட்டு முடித்ததும் எனக்கே பெருமையாக இருந்தது. அரை மணி கழித்துத் திறக்கப் பார்த்தபோது வால் எந்தப் புள்ளியில் தொடங்கியது என்பது ஞாபகத்தில் இல்லை.

அப்பா எழுந்து ஃபோனைக் கேட்டபோது நான் அழுதுகொண்டே நீட்டினேன். அவர் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"என்ன படம்?"

"மீன்."

"சரி, போடு."

போட்டேன். தப்பு. ஐந்து முறை தப்பாகப் போட்டால் முப்பது விநாடி காத்திருக்கச் சொல்லும். நாங்கள் இருவரும் எண்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு இன்னொரு மீன். பிறகு இன்னொரு முப்பது விநாடி. என் மீன்கள் போகப்போக மீனாகவே இல்லாமல் போயின. கடைசியில் புள்ளிகள் எல்லாம் மறைந்து, மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் கேட்டு ஒரு கட்டம் வந்து நின்றது. அப்பாவுக்கு இரண்டும் தெரியாது.

அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். அறை விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். விழவில்லை.

"அம்மா ஊர் நம்பர்?" என்று கேட்டேன்.

"உள்ளதான் இருக்கு."

"இப்ப எப்படிப்பா அம்மாகிட்ட பேசறது?"

"நாம பண்ண முடியாது. அவளா பண்ணாத்தான்" என்று சொல்லிவிட்டு, ஃபோனை அலமாரியின் மேல் வைத்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் சித்தப்பா வந்தார். எங்கள் ஆபத்தைக் கேட்டு அவர் முகம் மலர்ந்தது. தான் விற்ற பொருளின் உறுதி நிரூபணமாகிவிட்டதல்லவா.

"நான் என்ன சொன்னேன்ணா? கடவுளே இறங்கி வந்தாலும் தொறக்க முடியாது."

"பாஸ்வேர்டு என்னடா வெச்ச?" என்றார் அப்பா.

சித்தப்பா கூரையைப் பார்த்தார். நான்கைந்து போட்டுப் பார்த்தார். பிறகு, பாஸ்வேர்டு சரியாகவே இருந்தாலும் நெட் அணைந்திருப்பதால் சரிபார்க்காது என்று கண்டுபிடித்துத் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார். வழி ஒன்றே ஒன்றுதான்: மொத்தமாக அழித்து ரீசெட் செய்வது. நம்பர், படம், எல்லாம் போகும். ஆனால் ஃபோன் பிழைக்கும்.

அப்பா வேண்டாம் என்றார். அவசரமில்லை, அப்படியே இருக்கட்டும் என்றார். சிம்மைக் கழற்றி வேறு ஃபோனில் போட்டுத் தருகிறேன் என்று சித்தப்பா சொன்னதற்கும் வேண்டாம் என்றார். வருகிற ஃபோனைப் பூட்டோடேயே எடுத்துப் பேசலாமே, போதும் என்றார். உள்ளே இருக்கும் நம்பர் அழிந்துவிடக் கூடாது என்றுதான் அவர் சொல்கிறார் என்று நினைத்தேன். அம்மாவுக்குப் போகும் ஒரே வழி அந்தக் கண்ணாடிக்குள் கிடந்தது. அதன் வாயை அடைத்தது நான்.

மறுநாள் காலை அப்பா ஃபோனை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். கம்பெனிக்குள் கேமரா ஃபோன் கூடாது; கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். அங்கே கிடந்து அடிப்பதற்கு இங்கே உன்னிடம் இருக்கட்டும், அம்மா பண்ணினால் எடு என்றார். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒன்றும் ஏறவில்லை. காலி வீட்டில் அது அடித்துக்கொண்டிருப்பது போலவே காதில் கேட்டது. மூன்றரைக்கு ஓடி வந்து, கழுத்தில் மாட்டியிருந்த சாவியால் கதவைத் திறந்து, சார்ஜரைச் செருகி அதன் முன் உட்காருவேன். அன்றைய பேட்டரிகளை நம்பக் கூடாது. கரண்ட் போகும்போதெல்லாம் எத்தனை கட்டம் மிச்சம் என்று எண்ணுவேன். கீழ்வீட்டு வீட்டுக்கார அம்மாள் படியில் நின்று, "ஊட்டா ஆய்த்தா?" என்று கன்னடத்தில் கேட்பார். சாப்பிட்டாயிற்று என்று பொய் சொல்வேன். அம்மா அங்கே ஃபோன் செய்து செய்து, நாம் எடுக்கவில்லை என்று கோபித்துக்கொண்டால்? அவளுக்கே ஏதாவது ஆகியிருந்தால்? பெரியம்மாவின் ஆபரேஷன் கெட்டுப்போயிருந்தால்? ஃபோன் அடித்தால் பாய்ந்து எடுப்பேன். கடன் அட்டை வேண்டுமா என்று ஒரு பெண் இந்தியில் கேட்பாள்.

புதன்கிழமை பள்ளிவிட்டு வந்து பார்த்தபோது, திரையின் உச்சியில் ஒரு சின்ன வளைந்த அம்பு இருந்தது. யாரோ கூப்பிட்டு நாம் எடுக்கவில்லை என்பதற்கான குறி. யார் என்று பார்க்க வேண்டுமானால் திறக்க வேண்டும். நகத்தால் அந்த அம்பைச் சுரண்டிப் பார்த்தேன். இன்றைக்கு ஃபோன்கள் பூட்டியிருக்கும்போதே நம் குடும்ப விவகாரம் முழுவதையும் திரையில் கொட்டிவிடுகின்றன. நான் அதை எப்போதும் அணைத்து வைக்கச் சொல்வேன். ஆனால் அன்றைக்கு அப்படி ஒரு வசதிக்கு நான் எதையும் கொடுத்திருப்பேன்.

அப்பா வந்ததும் காட்டினேன்.

"எப்ப வந்துச்சு?"

"தெரியலப்பா. ஸ்கூல்ல இருக்கறப்ப."

அவர் நின்றபடியே பார்த்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பிறகு, இதோ வருகிறேன் என்று திரும்பக் கீழே இறங்கினார். தெருமுனைக் கடையில் ஒரு ரூபாய்க் காசு போட்டுப் பேசும் சிவப்பு ஃபோன் ஒன்று இருந்தது. நான் மாடிச் சுவரில் எம்பிப் பார்த்தேன். அப்பா ரிசீவரை எடுத்தார். காதில் வைத்தார். இன்னொரு கையை எண்கள் பக்கம் கொண்டுபோனார். அப்படியே நின்றார். பின்னால் ஆட்டோக்காரர் ஒருவர் வந்து நிற்கவும் ரிசீவரை வைத்துவிட்டு, பிரெட் வாங்கிக்கொண்டு திரும்பினார்.

பாவம், நம்பர் தெரியாமல் எதை அழுத்துவார் என்று எனக்கு அழுகை வந்தது. அன்றைக்குப் பிரெட்டைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டேன். என்னைப் பார்த்துவிட்டு அப்பாவும் பாதியில் தட்டை வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை நாலரைக்கு ஃபோன் அடித்தது. இரண்டு கையாலும் எடுத்தேன்.

"யாரு, பாப்பாவா? சாப்டியா?"

அம்மா. நான்கு நாளாக மனப்பாடம் செய்து வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. "அம்மா, நான் ஃபோனை லாக் பண்ணிட்டேம்மா. நம்பர் எல்லாம் உள்ள மாட்டிக்கிச்சு. அப்பாவால உனக்குப் பண்ண முடியலம்மா. தப்பு என்னோடது."

அந்தப் பக்கம் ஏதோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"எப்பலேருந்து?"

"ஞாயித்துக்கெழமலேருந்து."

"அப்பா அடிச்சாரா?"

"இல்ல."

"திட்டினாரா?"

"ஒண்ணுமே சொல்லல. நேத்துக் கடை ஃபோன்கிட்டப் போயி நின்னுட்டு வந்துட்டாரு. நம்பர் இல்லல்ல."

பிறகு அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"பெரியம்மாவுக்குத் தையல் பிரிச்சாச்சாம்மா?" என்றேன், மரியாதைக்கு.

"என்ன தையல்? ஆங். பிரிச்சாச்சு, பிரிச்சாச்சு. நாளைக்கு வரேன்னு சொல்லு."

வெள்ளிக்கிழமை அப்பா வழக்கத்தைவிட முன்பே வந்திருந்தார். அம்மா பையைக் கீழே வைத்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள்.

"ஃபோன் லாக் ஆயிடுச்சாமே" என்றாள் அம்மா.

"ஆமா. அதான்" என்றார் அப்பா.

"பாப்பா சொன்னா."

அவ்வளவுதான் பேச்சு. அம்மா அரிசி களைய உள்ளே போனாள். எனக்கு விழ வேண்டிய திட்டு எங்கேயோ தேங்கி நிற்கிறது, எப்போது வேண்டுமானாலும் உடைத்துக்கொண்டு வரும் என்று இரண்டு நாளும் கதவோரமாகவே நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் சித்தப்பா ரீசெட் செய்ய உட்கார்ந்தார். அப்பாதான் கூப்பிட்டிருந்தார்.

"எல்லாம் அழிஞ்சிடும்ணா. பரவால்லையா?"

"போகட்டும்டா" என்றார் அப்பா.

சித்தப்பா இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்தார். இன்றைக்கு நான் ஒரு நாளைக்குப் பத்து முறை செய்கிற அதே வேலை. ஃபோன் இருண்டு, வெளுத்து, பிறந்த குழந்தை போல எழுந்தது. என் மீனும் என் எண்ணிக்கையும் போயின. புதன்கிழமை அழைத்தது யார் என்பதும் அதோடு போயிற்று.

நம்பர்களைத் திரும்ப ஏற்ற வேண்டும். கம்பெனி சூப்பர்வைசர், கேஸ் ஏஜென்ஸி, பள்ளிக்கூடம் என்று பழைய டைரியிலிருந்தும் பில்லிலிருந்தும் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார்கள். அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து அவள் ரிச்சர்ட்ஸ் டவுன் பள்ளிக்குப் போவதாக முடிவாகியிருந்தது. இரண்டு நாளுக்குக் காயை முன்கூட்டியே நறுக்கி வைக்க வேண்டுமாம்.

"அண்ணி, தங்கவயல் நம்பர் சொல்லுங்க" என்றார் சித்தப்பா.

அம்மா வாய் திறப்பதற்குள், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அப்பா, தலையைத் திருப்பாமலே சொன்னார். ஊரின் எஸ்.டி.டி. எண் முதல் கடைசி எண் வரை, எங்கும் நிற்காமல், வாய்ப்பாடு ஒப்பிப்பது போல.

அம்மாவின் கத்தி நின்றது. சித்தப்பா நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குச் சொல்ல ஒரு அபிப்பிராயமும் இல்லை.

"சரியாத்தான் இருக்கு. போட்டுக்கோங்க" என்றாள் அம்மா. கத்தி மறுபடி நடந்தது.

கணக்குப் பரீட்சையில் எனக்கும் அப்படி ஆகும். பயத்தில் மறந்தது, மணி அடித்த பிறகு ஞாபகம் வரும். அப்பாவுக்கும் அதுதான் ஆகியிருக்கிறது என்று நினைத்தேன். இந்த ஞாபகம் திங்கட்கிழமையே வந்திருந்தால் நான் இவ்வளவு பட்டிருக்க வேண்டாமே என்று அவர்மேல் கோபமாக வந்தது. அன்று முழுவதும் நான் அவரோடு பேசவில்லை.