முன்னால் மூன்று, பின்னால் எட்டு

நாற்பத்தெட்டாம் வயதில்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அதனால் புதுக் கார் வந்து மூன்று வாரம்வரை எதிரே வருகிற வண்டிகளைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. என் காரின் பின்பக்கத்தைச் சுத்தமாகப் பார்க்கவில்லை. வீட்டிலும், நான் வேலை செய்யும் நூலகத்திலும் அது சுவரை ஒட்டியே நிற்கும்.

அன்று எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. கேரள எல்லையில் இருக்கும் எங்கள் பாறசாலை வட்டாரத்தில் அது சாப்பாட்டுக்குப் பேர்போன ஞாயிறு. ஆராதனை முடிகிற நேரத்தில் சபைச் செயலர் மைக்கைப் பிடித்தார்.

"சாப்பாட்டு வண்டி கேட்டுக்கு வெளிய நிக்குது. ஒரு வெள்ளக் காரு வழிய அடச்சுக் கெடக்கு. கொஞ்சம் மாத்தித் தரணும்."

பிறகு எண்ணைப் படித்தார். கேஎல் பத்தொன்பதும் என்னுடையது, எழுத்தும் என்னுடையது, முதல் மூன்று இலக்கமும் என்னுடையவை. கடைசி மட்டும் எட்டு. எனக்கு மூன்று. பக்கத்தில் இருந்த கணவரிடம் குனிந்து, "நம்ம கூடவே பதிஞ்ச காரு போல இருக்கு. நம்ம சபையிலயும் ஒண்ணு உண்டு, பாத்தியளா?" என்றேன். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

யாரும் எழவில்லை. செயலர் இரண்டாம் முறை படித்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் திரும்பி, யார் இந்த அக்கறையில்லாத ஆள் என்று முகம் முகமாகத் தேடினேன். செயலர் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"பின் கண்ணாடியில செவப்புல எல்-லுன்னு ஒட்டியிருக்கு."

லைசன்ஸ் கிடைத்த பிறகும் தைரியத்துக்காக நான்தான் அதைக் காருக்குள் இருந்தபடியே ஒட்டி வைத்திருந்தேன். சபையில் எல் ஒட்டிய கார் ஒன்றே ஒன்றுதான். மொத்த சபையும் என்னைப் பார்த்தது.

வெளியே போய் நின்றோம். முன்னால் மூன்று. பின்னால் எட்டு. கணவர் காரை இரண்டு தடவை சுற்றி வந்தார்.

"முன்னால நம்ம காரு. பின்னால வேற யாருக்கோ உள்ளதாக்கும்" என்றார். சாப்பாட்டு வண்டி ஹாரன் அடித்தது. செயலர் சிரித்துக்கொண்டே வழிகாட்ட, காரை ஓரம் கட்டினேன். அன்று பந்தியில் எனக்குப் பரிமாறிய ஒவ்வொருவரும், "மூணுக்கா, எட்டுக்கா?" என்று கேட்டுத்தான் வைத்தார்கள்.

மறுநாள் நெய்யாற்றின்கரையில் கார் வாங்கிய ஷோரூமுக்குப் போனேன். அங்கிருந்த ஊழியர் என்னைக் கண்டதும், "அய்யோ சேச்சி, நிங்ஙளாணோ அது!" என்று தலையில் கை வைத்தார். எட்டாம் எண்காரி வந்து முறையிட்டதிலிருந்து என்னைப் பல தடவை ஃபோனில் கூப்பிட்டார்களாம். இன்ஷூரன்ஸ் விற்கிறார்கள் என்று நான்தான் எடுக்கவில்லை.

அவர் இரண்டு நம்பர் பலகைகளைக் கொண்டுவந்து காட்டினார். முன்பக்கத்துக்கு ஐந்நூறு மில்லிமீட்டர் நீளம், நூற்றிருபது உயரம். எண் ஒரே வரியில் போகும். என் மாதிரிக் காரின் பின்கதவில் அந்த நீளத்துக்கு இடம் கிடையாது. அதற்கு முந்நூற்று நாற்பதுக்கு இருநூறு. எண் இரண்டு வரியாக மடங்கும். அதனால் நீளத்தை ஒரு அடுக்கிலும் குட்டையை வேறொரு அடுக்கிலும் வைப்பார்கள். ஒரே காலையில் ஒரே மாதிரி இரண்டு வெள்ளைக் கார்கள் வெளியே போயிருக்கின்றன. குட்டைகள் மட்டும் இடம் மாறிவிட்டன.

ஷோரூமிலிருந்து கூப்பிட்டதும் எட்டுக்காரி மதியம் இரண்டு மணிக்குத் தன் காரில் வந்தாள். முப்பது வயதிருக்கும். பொழியூரில் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவள்.

"சேச்சி, உங்கள நான் தேடாத எடம் இல்ல! உதியன்குளங்கரையில வெள்ளக் காரு எது நின்னாலும் பின்னால போய்க் குனிஞ்சு பாப்பேன். ஒரு மாமா என்னை ஆர்டிஓ ஆபீசுன்னு நெனச்சு லைசன்ஸ எடுத்து நீட்டிட்டாரு."

எங்களுக்குச் சிரிப்பு அடங்குவதற்குள் மெக்கானிக் இரண்டு காரின் பின்பலகைகளையும் கழற்றிவிட்டார். இந்தப் பலகைகளின் பூட்டு ஒரு தடவை அமுக்கினால் அவ்வளவுதான். துளை போட்டு உடைத்துத்தான் எடுக்க வேண்டும். உடைத்த பிறகுதான் புதுப் பூட்டு தீர்ந்துபோனது தெரிந்தது. இன்னொரு கிளையிலிருந்து வர இரண்டு மணி நேரம் ஆகுமாம். பலகை இல்லாமல் காரை ரோட்டில் இறக்கவும் கூடாது.

"எனக்க கேக்கு!" என்று அவள் கத்தினாள்.

அவள் காரின் பின்சீட்டில் இரண்டு அடுக்கு கேக் ஒன்று இருந்தது. கோட்டுகாலில் ஒரு ஞானஸ்நான வீடு. நான்கு மணிக்கு வெட்ட வேண்டும்.

ஒரு ஆட்டோவை நிறுத்தினோம். கேக்கின் அடித்தட்டு என் மடியில். அவள் பக்கவாட்டில் உட்கார்ந்து, மேலடுக்குக்கு இரண்டு கையாலும் அணை கொடுத்தாள். "அண்ணா, பள்ளம் வந்தா முன்னாடியே சொல்லணும்" என்றாள். அந்த மனிதரும் மனசாட்சிப்படி ஒவ்வொன்றுக்கும், "பள்ளம்!" என்று கூவிக்கொண்டே ஓட்டினார். கடைசிப் பள்ளத்தை மட்டும் அவரும் பார்க்கவில்லை. கிரீம் கொஞ்சம் என் சேலைக்கு வந்தது.

அவள் அசரவில்லை. அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து நாலு இழுப்பு இழுத்தாள். நசுங்கிய பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். மணி நாலாக ஐந்து நிமிஷம் இருந்தது. குழந்தையின் தாய் என்னை யாரென்று கேட்டாள்.

"எனக்க நம்பரக் கொண்டு நடந்த சேச்சியாக்கும்" என்றாள் அவள். ஒருவருக்கும் புரியவில்லை. இருந்தாலும் எனக்கும் ஒரு நாற்காலி போட்டு, தட்டு நிறைய வைத்துக் கொடுத்தார்கள்.

திரும்பி வந்தபோது பலகைகள் தயாராக இருந்தன. மெக்கானிக் எங்கள் இருவரையும் முன்னும் பின்னும் உரக்கப் படிக்கச் சொன்னார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போலப் படித்தோம்.

இரண்டு நாள் கழித்து ஃபோன் வந்தது. புது நம்பர்தான். இந்தத் தடவை எடுத்தேன்.

"சேச்சி, சனியாழ்ச்ச மார்த்தாண்டத்துக்கு மூணு அடுக்கு ஒண்ணு உண்டு. பிடிக்க ஆள் வேணும். வாறியளா?"

"வாறேன்" என்றேன்.