மாமாவின் ஜிப் பூட்டு

கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை உள்ளே வைத்து, ஜிப்பை இழுத்துப் பூட்டி, அந்த ரெக்சின் பையைத் தெருப்பிள்ளைகள் நடுவில் மாமா வைப்பார். "தொறந்துட்டா எல்லாம் ஒங்களுக்குத்தான்" என்பார். பிறகு வாசற்படியில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு பிள்ளைகளின் விரல்களையே பார்ப்பார். திறந்துவிட்டால் பிள்ளைகள் குதிப்பார்கள். மாமாவின் முகம் கறுத்துப்போகும். அவர்கள் மிட்டாயோடு ஓடிய பிறகு பையை மடியில் போட்டுக்கொண்டு, ஜிப்பை மேலும் கீழும் ஓட்டியபடியே இருப்பார்.

அவர் என் அம்மாவின் தம்பி. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் பை தைத்துக் கொடுப்பதும், அறுந்துபோன ஜிப்பை மாற்றிக் கொடுப்பதும் அவருடைய தொழில். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி ஆபீஸில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. எங்கள் கரிசல் கிராமத்துக்கு நேரத்துக்குப் பஸ் கிடையாது என்பதால் மாமா வீட்டிலேயே தங்கிக்கொண்டேன். அப்போது மாமாவுக்கும் அத்தைக்கும் இருந்த ஒரே பிள்ளை, மூன்று வயதுப் பாப்பா, இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன.

அத்தைக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. காலையும் மாலையும் மாத்திரை போட்டாக வேண்டும். மாத்திரை தின்று தின்று கை நடுங்கும். அதனால் மாமா ஒரு சின்னப் பை தைத்து, ஜிப்பை ஓட்டுகிற ரன்னரில் பெரிய வளையம் ஒன்றை மாட்டிக் கொடுத்திருந்தார். விரலை நுழைத்து இழுத்தால் போதும், வழுக்கிக்கொண்டு திறக்கும். ஒருநாள் மத்தியானம் பாப்பா பாயில் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது. நல்ல தூக்கம் என்று அத்தை எழுப்பவில்லை. பக்கத்தில் கிடந்த பையில் மாத்திரை குறைந்திருப்பதைப் பிறகுதான் பார்த்தாள். உள்ளூர் ஆஸ்பத்திரியிலிருந்து திருநெல்வேலிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கார் கயத்தாறைத் தாண்டும்போது, மாமாவின் மடியிலேயே பாப்பா அடங்கிவிட்டது. அந்த வளையத்தில் பாப்பாவின் விரலும் நுழைந்திருக்கிறது என்று மாமா முடிவு செய்துகொண்டார். வளையத்தைப் போட்டது தன் கை. அன்றிலிருந்து அவருக்கு வேறு சிந்தனையே இல்லை.

முதலில் ரன்னரின் நாக்கு ஒரு பித்தளைக் கொக்கியில் மாட்டிக்கொள்ளும்படி செய்தார். ஐந்து வயதுப் பெண் ஒருத்தி அதைப் பல்லால் கடித்து விடுவித்துவிட்டாள். பிறகு பொத்தான் மாதிரி ஒரு சின்னக் கட்டையை அழுத்திக்கொண்டே இழுத்தால்தான் திறக்கும் என்று வைத்தார். ஒரு பிள்ளை காலால் அழுத்த, இன்னொன்று இழுத்தது. கடைசியாக அந்தக் கட்டையை ஒரு குழிக்குள் இறக்கினார். பெரிய ஆளின் கட்டைவிரல் எட்டும் ஆழம். அடியில் இருந்த ஸ்பிரிங் வில்லோ எனக்கே விரல் வலிக்கும் அளவுக்கு விறைப்பு. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் ஆறு பிள்ளைகள் அதோடு மல்லுக்கட்டினார்கள். முடியவில்லை. மாமா தானே திறந்து மிட்டாயைக் கொடுத்து அனுப்பிவிட்டு உள்ளே வந்தார். நான் அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இது அன்னைக்கே இருந்திருந்தா, பாப்பா இப்பம் பள்ளிக்கூடம் போயிருக்கும்" என்றார்.

அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். "அன்னைக்கு ஜிப்பு மூடியே இல்ல" என்றாள்.

மாமா பையோடு அவள் பக்கம் திரும்பினார்.

"மாத்திரையப் போட்டேன். கொழாயில தண்ணி வருதுன்னு சத்தம் கேட்டுது. எட்டு நாளா தண்ணி இல்ல. கொடத்தத் தூக்கிட்டு ஓடிட்டேன். பைய மூடல. பாப்பா எதையும் தொறக்கல. நான்தான் தொறந்து போட்டுட்டுப் போனேன்."

மாமா அடிப்பார் என்று பயந்து அத்தையின் பக்கம் நகர்ந்தேன். அவர் அடிக்கவில்லை. கையிலிருந்த பையின் ஜிப்பை முழுக்கத் திறந்து, தரையில் வைத்து, அதன் முன்னால் உட்கார்ந்தார். உலையில் சோறு பொங்கி வழிகிற வரைக்கும் அப்படியே இருந்தார். பிறகு, "அப்படின்னா, மூட மறந்தாலும் அதுவா மூடிக்கிடணும்" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

மறுநாள் துணி துவைக்கும்போது அத்தை என்னிடம் சொன்னாள்: "ஒரு வார்த்த ஏசியிருந்தா எனக்கு நெஞ்சு ஆறியிருக்கும்ட்டி. இத்தன வருசம் அவிய அந்தப் பூட்டோட மல்லுக்கட்டுததப் பாத்துக்கிட்டே வாயத் தொறக்காம இருந்தேன். சொன்னா விட்டுருவாவன்னு நெனச்சுத்தான் சொன்னேன்."

அவர் விடவில்லை. குடையிலிருந்தும் பழைய கடிகாரத்திலிருந்தும் வில்லைக் கழற்றி ரன்னரில் கட்டினார். இலாஸ்டிக் தைத்தார். வில் இழுத்த வேகத்தில் ஜிப்பின் பல் பிளந்தது. இலாஸ்டிக்கில் துணி சுருங்கி ரன்னர் பாதி வழியில் நின்றது. திறந்து கிடக்கிற ஜிப் தானாக மூடாது என்பது அந்தத் தொழிலிலேயே வளர்ந்த அவருக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தேதான் செய்துகொண்டிருந்தார். பை மொத்த வியாபாரி ஒருவர் அந்தக் குழிப்பூட்டைப் பார்த்துவிட்டு, "நூறு பை இதே மாதிரி போட்டுத் தாங்க" என்று கேட்டார். "இன்னும் முடியல அண்ணாச்சி. மூட மறந்துட்டா இது ஒண்ணும் செய்யாது" என்றார் மாமா. "அதுக்குப் பூட்டு என்னய்யா பண்ணும்?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். வியாபாரி மறுபடி வரவில்லை. ரிப்பேருக்கு வந்த பைகள் கடையில் வாரக்கணக்கில் கிடந்தன. ஆட்களும் மெல்ல மெல்ல வேறு கடைக்குப் போனார்கள்.

நான் கல்யாணமாகி மதுரைக்கு வந்துவிட்டேன். இன்று அழுத்தித் திருகினால்தான் திறக்கிற மூடியோடு மருந்துப் புட்டி வருகிறது. என் பிள்ளை கைக்கு எட்டாத உயரத்தில் அதை வைத்துவிட்டு, மூடினேனா என்று திரும்பப் போய்ப் பார்ப்பேன். மூடித்தான் இருக்கும். இருந்தாலும் போய்ப் பார்ப்பேன்.

போன மாதம் அவர்களைப் பார்க்கப் போயிருந்தேன். கடையை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. சாயங்காலம் அத்தை மாமாவின் முன்னால் வந்து கையை நீட்டினாள். அவளுடைய மாத்திரை அந்தக் குழிப்பூட்டுப் பையில்தான் இருந்தது. குழிக்குள் விரலை விட்டு அந்தக் கட்டையை அழுத்த அவளால் எந்தக் காலத்திலும் முடிந்ததில்லை. மாமா பையைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். ஜிப்பை மூடி, பூட்டி, இழுத்துப் பார்த்தார். அவள் தண்ணீர் குடித்துவிட்டுப் போன பிறகும், பையை மறுபடி எடுத்து இழுத்துப் பார்த்தார். பாப்பாவுக்குப் பிறகு அந்த வீட்டில் குழந்தை பிறக்கவில்லை.