நாளைக்கு வாங்க

கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்து மறுபடி மறுபடி பயன்படுத்திய எண்பதுகளில், ஏற்காட்டின் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கும் வேலை எனக்கு.

ஒரு மார்கழிக் காலையில் நாகலூர் எஸ்டேட்டிலிருந்து ஒரு பெண் வந்தார். இரண்டு வாரமாகக் காய்ச்சல். ரப்பர் குழாயை இறுக்கிக் கட்டியும் குளிரில் விறைத்த கையில் நரம்பே தென்படவில்லை.

"ஏனுங்க, சிரிஞ்சு கொதிக்கற அந்த ஆவியில கையைக் கொஞ்சம் காட்டிக்கட்டுங்களா?"

"பாத்திரத்துக்கிட்டப் போகாதீங்க!" என்று எரிந்து விழுந்தேன்.

ஐந்து இடங்களில் குத்தினேன். சிரிஞ்சில் ஒரு சொட்டுகூட ஏறவில்லை. தோலில் கசிந்ததைப் பஞ்சு வைத்து ஒட்டி, "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டேன். அவர் வரவில்லை. நானும் மறந்துபோனேன்.

பத்து நாள் கழித்து அவருடைய கணவர் வந்தார்.

"ரிப்போர்ட்டு வாங்க வந்தேனுங்க. எங்கூட்டுக்காரி அஞ்சு எடத்துல பஞ்சோட வந்தாளுங்க. நாளைக்கு வரச் சொன்னாங்கன்னு சொன்னாளுங்க. அதுக்குள்ள நொம்ப முடியாமப் போச்சுங்க. முந்தாநேத்து அடக்கம் பண்ணிட்டமுங்க. என்ன சீக்குன்னாவது தெரிஞ்சுக்கலாம்னு..."

ரத்தம் கொடுத்தவர்களிடம், ரிப்போர்ட்டுக்காக, நான் தினமும் சொல்லும் வார்த்தைதான் அந்த 'நாளைக்கு'. ரத்தம் எடுத்தாகிவிட்டது என்றே அந்தப் பெண் நம்பியிருக்கிறார்.

எடுக்கவே இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நாளைக்கு வாங்க" என்று வந்துவிட்டது.

"சரிங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே வந்து, சாயங்காலம் வரை காத்திருந்தாராம்.

அன்று நான் வேலைக்குப் போகவில்லை.