நாலு சீசாவும் ஒரு கையெழுத்தும்

கல்லூரியின் விலங்கியல் துறையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளே கிடையாது. எல்லாருக்கும் அவள் சீசாக்கா. பதினோரு வருஷமாக ஆய்வகத்தில் உயிரின மாதிரிகள் ஊறும் சீசாக்களைத் துடைத்து, வற்றின அளவுக்கு ஸ்பிரிட்டை நிரப்பி, லேபிள் ஒட்டி வருகிறாள். வேலை மட்டும் இன்னும் தற்காலிகம். நிரந்தரமாக்கும் கோப்பு ஒருவழியாகத் துறைத்தலைவி மேடத்தின் மேசைக்கு வந்திருந்தது. ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி.

சும்மா இருந்தாளா மகராசி? செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள், எல்லாம் பளபளக்கட்டும் என்று ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் அழுத்தி ஒரு தேய் தேய்த்தாள். நாலு சீசாவின் எழுத்து துணியோடு வந்துவிட்டது! கோழி, பல்லி, முயல், பன்றி ஆகியவற்றின் கருக்கள். தேர்வில் லேபிளை மறைத்துவைத்துப் பிள்ளைகளை அடையாளம் கேட்பதே அவற்றைத்தான்.

பன்றியைக் கூடவா தெரியாது என்று குனிந்து பார்த்தாள். நாலும் ஏறக்குறைய நகத்தளவு. நாலுக்கும் வளைந்த முதுகு, குட்டி வால், கழுத்தோரம் மடிப்பு மடிப்பாக வரிகள், கரும்புள்ளியாகக் கண். அலகும் இல்லை, காதும் இல்லை. வருவது வரட்டும் என்று குத்துமதிப்பாக லேபிளை ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

சாப்பாடு இறங்கவில்லை. முயலை முயல் என்றே எழுதுகிற பிள்ளைக்கு மார்க் போய்விடுமே! காலையில் முதல் வேலையாக மேடத்தின் முன்னால் போய் நின்றாள்.

"தப்புப் பண்ணிட்டேன் மேடம். நாலு லேபிள் அழிஞ்சுபோச்சு. நானா எதையோ ஒட்டி வெச்சிருக்கேன்."

மேடம் சீசாக்களை ஜன்னலோரம் கொண்டுபோய் லென்ஸ் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். மாட்டிப் பார்த்தார். சீசாக்காவுக்கு அழுகை முட்டியது. பதினோரு வருஷத்தையும் ஒரு துணியால் துடைத்துவிட்டோமே என்றிருந்தது.

"அழாதீங்க. முதுகெலும்பு உள்ளதெல்லாம் ஆரம்பத்துல கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். நீங்களும் நானும் கூட இப்படி வாலோட இருந்தவங்கதான்."

"சரி மேடம், இதுல பன்றி எது?"

மேடம் எட்டிக் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"சத்தியமா தெரியல. இருபத்தாறு வருஷமா நானும் லேபிளைத்தான் படிச்சிட்டு இருந்திருக்கேன் போல."

கேள்வித்தாளில் 'அடையாளம் காண்க' என்பதை அடித்துவிட்டு, 'நாலுக்கும் பொதுவாக இருப்பவை எவை?' என்று எழுதினார். பேனாவை மூடவில்லை. சீசாக்காவின் வேலைக் கோப்பை இழுத்துக் கையெழுத்தைப் போட்டார்.

"லேபிள் தப்புன்னு வந்து சொல்ற ஆள் ஒருத்தராவது இங்க நிரந்தரமா வேணும்."