ஞாயிற்றுக்கிழமையே முடிந்துபோன கல்யாண நாள்

டைரக்டர் என்று எல்லோரும் கூப்பிட்ட அந்த ஆசாமி ஒரு படமும் எடுத்தவனல்ல. லிப்ட் மெக்கானிக். பகல் முழுக்க அடுக்குமாடிகளின் உச்சியில், மோட்டார் அறையில், கிரீஸ் படிந்த கையோடு நின்று, நாலாவது மாடிக் கதவு ஏன் முக்கால்வாசி மூடிவிட்டு மனம் மாறித் திறந்துகொள்கிறது என்று துப்புத் துலக்குவது அவன் தொழில். பட்டம் வழங்கியது மனைவியின் தம்பி. ஒரே ஒரு முறை அவர்களோடு ஏரிக்குப் போய்வந்தவன், "அக்கா, உங்க வீட்டுக்காரரோட ஊர் சுத்த வந்தா சம்பளம் குடுக்கணும்க்கா. ஒரே கார்ல இருந்து நான் மூணு தடவ இறங்கினேன்" என்றான். மச்சினன் வாயில் விழுந்தது ஊர் வாயில் நிலைத்துவிட்டது.

குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. டைரக்டர் தன் குடும்பத்துக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் நடத்திவந்தான். அதைப் பின்தொடர்பவர்கள் இருநூற்றுப் பதினாலு பேர். அதில் நூற்றுத் தொண்ணூறு பேர் சொந்தக்காரர்கள்; மீதிப் பேர் வழி தவறி உள்ளே வந்து, வெளியேறத் தெரியாமல் தங்கிவிட்டவர்கள். இந்த மகாஜனங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவனாகவே அவன் வாழ்ந்தான். மலைக்குப் போனால் மலையை முதலில் பார்ப்பது போன்தான். கடலுக்குப் போனால் மனைவி அலையைக் கண்டு ஆச்சரியப்பட வேண்டும். அவள் அவசரப்பட்டு நிஜமாகவே ஆச்சரியப்பட்டுவிட்டால், "அய்யய்யோ, நான் இன்னும் ஆன் பண்ணல. திரும்பப் போய் ஒருக்கா வா" என்பான். அவளும் போய்விட்டு வருவாள். இரண்டாவது ஆச்சரியம் எப்போதும் முதலாவதைவிட எடுப்பாக அமைந்ததுதான் அவனைக் கெடுத்தது.

மகளுக்கு நாலு வயது, வீட்டில் குட்டி. ஒரு நாள் சோபாவிலிருந்து விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்ட குட்டி, அழத் தொடங்குவதற்கு முன் அப்பாவை நிமிர்ந்து பார்த்து, "மறுபடி விழணுமாப்பா?" என்று கேட்டது. டைரக்டர் விழுந்து விழுந்து சிரித்தான். பக்கத்திலும் எழுதினான். எண்பத்தேழு பேர் சிரித்தார்கள். மனைவி அன்றைக்குச் சிரித்தாளா என்று வெகுநாள் கழித்து யோசித்துப் பார்த்தான். எவ்வளவு யோசித்தும், அவள் குனிந்து மருந்து போட்டுக்கொண்டிருந்தது மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

அவர்களுடைய ஆறாவது கல்யாண நாள் ஒரு வியாழக்கிழமையில் வந்து தொலைத்தது. வியாழக்கிழமை அவனுக்கு வேலை நாள். இதற்கெல்லாம் அசருகிறவனா? கல்யாண நாளை அப்படியே தூக்கி, முந்தைய ஞாயிற்றுக்கிழமையில் வைத்துவிட்டான். ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும் பத்து மணிக்குக் கேக் வெட்டினார்கள். குட்டி மெழுகுவத்தியை நாலு தடவை ஊதி அணைத்தது. மூன்று தடவை சரியாக வரவில்லை. படங்களைத் தேர்ந்து, வெட்டி ஒட்டி, வியாழன் மாலை ஐந்து மணிக்குத் தானாகப் பக்கத்தில் ஏறும்படி முடுக்கி வைத்தான். இனி அந்த நாளுக்கு மனிதர்கள் யாரும் தேவையில்லை.

கையில் பிசுபிசுத்த கிரீமைக் கழுவிக்கொண்டே மனைவி கேட்டாள்: "அப்ப வியாழக்கிழமை என்ன பண்றோம்?"

"வியாழக்கிழமையா? அதான் இப்ப ஆயிடுச்சே!"

அவளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பரிசோதனை நிலையம் ஒன்றில் ரத்தம் எடுப்பவள். ஆறு வருஷமாக மற்றவர்கள் கையில் நரம்பு தேடியே காலம் தள்ளியவளுக்கு, அந்தத் திங்கட்கிழமை காலையில் நிர்வாகத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. எட்டு மணி நேர ரயில் தூரத்திலுள்ள வேறொரு ஊரில் புதுக் கிளை திறக்கிறார்கள். அதற்கு அவளே பொறுப்பாளர். இரண்டு வருஷம். குடியிருக்க வீடு உண்டு, குழந்தையையும் கூட்டிப் போகலாம். சம்மதமா இல்லையா என்று வியாழன் மாலை ஏழு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

அவளுக்குப் போக ஆசை. கொள்ளை ஆசை. ஆனால் வீட்டுக்காரனை எட்டு மணி நேரத்துக்கு அப்பால் விட்டுவிட்டுப் போகிற காரியத்தை, அவன் வாயால் ஒரு வார்த்தை கேட்காமல் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. டைரக்டருக்கு இது எதுவும் தெரியாது.

சொல்ல முயலவில்லை என்று அவள் மேல் பழி போட முடியாது. திங்கள் மாலை, "என்னங்க, ஒரு விஷயம் பேசணும்" என்றாள்.

"சொல்லு, காது இங்கதான் இருக்கு" என்றான், கேக் வெட்டும் படத்தில் பின்னால் தெரிந்த துடைப்பத்தை அழித்துக்கொண்டே.

"காது மட்டும் போதாது" என்றுவிட்டு எழுந்து போனாள்.

செவ்வாயன்று அவளே மறுபடி தொடங்கினாள். இந்த முறை அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "நல்ல விஷயமா? முகத்தைப் பார்த்தா நல்ல விஷயம் மாதிரி இருக்கே! இரு இரு, குட்டியையும் பக்கத்துல உட்கார வை" என்று போனை எடுத்து நேரே பிடித்தான். அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

புதன்கிழமை அவள் கெஞ்சவில்லை, நிபந்தனை போட்டாள்.

"நாளைக்கு ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துடுங்க. கேக் வேணாம், வெளிய போக வேணாம். மூணு பேரும் உட்கார்ந்து டீ குடிப்போம். நான் உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். ஏழு மணிக்குள்ள கேட்கணும்."

"அதென்ன ஏழு மணி? அதுக்கு மேல கடையச் சாத்திடுவாங்களா?"

"ஆமா. சாத்திடுவாங்க."

அவன் சிரித்தான். "ஆறுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போதே வாசல்ல நிப்பேன் பாரு" என்று அவள் தலையில் கை வைக்காத குறையாகச் சத்தியம் செய்தான். அந்த நிமிஷத்தில் அவன் சொன்னது கலப்படமில்லாத உண்மை.

வியாழனன்று வேலை நாலே முக்காலுக்கே முடிந்துவிட்டது. கை கழுவிக் கிளம்பியிருந்தால் ஐந்தரைக்கு வீடு. ஆனால் ஐந்து மணிக்குப் படங்கள் ஏறுமே! சரியாக ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுப் போவோம், பத்தே நிமிஷம், என்று மோட்டார் அறையில் ஒரு எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். ஏறியது. வாழ்த்துகள் வந்து குவிந்தன. அத்தைக்கு நன்றி சொல்லிவிட்டுச் சித்திக்குச் சொல்லாமல் விட்டால் இரண்டு தலைமுறைப் பகை. பெரியப்பாவுக்கு வெறும் நன்றி போதாது. கும்பிடும் கை இரண்டு சேர்க்க வேண்டும். ஆளுக்கேற்ற மரியாதையை அளந்து அளந்து போட்டுக்கொண்டிருந்தான்.

கூட வேலை செய்யும் மூத்த மெக்கானிக் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா டைரக்டர், வீட்டுக்குக் கிளம்பலையா?"

"இதோ அண்ணே. இன்னிக்குக் கல்யாண நாள்."

"அதனாலதான்பா கேட்கிறேன்" என்றுவிட்டு அவர் இறங்கிப் போனார்.

ஆறு மணிக்கு மனைவி கூப்பிட்டாள். அழைப்பு திரையில் வந்து விழுந்து, பாதி தட்டியிருந்த வார்த்தையை மறைத்தது. விரலால் ஒதுக்கித் தள்ளினான். ஆறேகாலுக்கு மறுபடி கூப்பிட்டாள். மறுபடி தள்ளினான். 'வந்துட்டே இருக்கேன்' என்று போன் தானாகவே அவளுக்கு ஒரு செய்தி அனுப்பியது. போன் சொன்ன பொய் அது. அவனுடைய பொய் அடுத்து வந்தது.

மாமியார் எழுதியிருந்தார்: 'நல்லா இருங்க மாப்பிள்ளை. இப்ப எங்க இருக்கீங்க? வெளிய போயிருக்கீங்களா?'

எண்ணெய் டின் மேல் உட்கார்ந்திருக்கிறேன் என்று மாமியாருக்கு எழுத முடியுமா? அவன் எழுதினான்: 'வீட்லதான் அத்தை. மூணு பேரும் சேர்ந்து டீ குடிச்சிட்டிருக்கோம். இவ ரொம்ப சந்தோஷமா இருக்கா.' இன்னும் முக்கால் மணியில் நடக்கப்போவதைத்தானே சற்று முன்கூட்டிச் சொல்கிறோம், இதில் என்ன தப்பு என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான் தோன்றியிருந்தது.

அவன் வீட்டுக் கதவைத் திறந்தபோது மணி ஏழு முப்பத்தைந்து. குட்டிதான் முதலில் ஓடிவந்தது.

"அப்பா! நீ எங்க ஒளிஞ்சிருந்தே? எங்ககூட உட்கார்ந்து டீ குடிச்சிட்டிருக்கேன்னு அம்மா படிச்சாங்க. நான் மேஜைக்கு அடியிலகூடத் தேடினேன்!"

மேஜை மேல் மூன்று கோப்பைகள். ஒன்றில் குட்டி பாலைக் குடித்து முடித்திருந்தது. மற்ற இரண்டிலும் டீ ஆடை கட்டிக் கிடந்தது. மனைவி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். கோபம் இருந்திருந்தால் அவனுக்குச் சமாளிக்கத் தெரியும். ஆறு வருஷ அனுபவம். அவள் முகத்தில் அது இல்லை.

"ஏதோ கேட்கணும்னியே, கேளு. இந்தா, போனைக்கூட உள்ள வச்சுட்டேன்."

"வேணாம். முடிஞ்சிடுச்சு."

"என்ன முடிஞ்சிடுச்சு?"

அவள் தன் போனை எடுத்து நீட்டினாள். முதலில் கடிதம். அதன் கீழே அவள் எழுதிய பதில், நேரம் ஆறு ஐம்பத்திரண்டு: 'குடும்பச் சூழ்நிலை காரணமாக இப்பொறுப்பை ஏற்க இயலவில்லை.'

இரண்டு தடவை படித்தான். நின்றிருந்த லிப்டின் கயிறு அறுந்த மாதிரி இருந்தது; அந்தத் தொழில் தெரிந்தவனுக்கு அது வெறும் உவமை அல்ல.

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே..." என்று ஆரம்பித்தவன் தானாகவே நிறுத்திக்கொண்டான். கேள்வி கூரையில் பட்டுத் திரும்பி அவன் மேலேயே விழுந்தது. பிறகு மெதுவாகச் சொன்னான்: "நான் போயிட்டு வான்னுதான் சொல்லியிருப்பேன்."

"தெரியும். அதைக் கேட்கத்தான் உட்கார்ந்திருந்தேன்."

"சரி, வராட்டிப் போறான்னு நீயே சம்மதம்னு எழுதியிருக்கலாம்ல?"

"எழுதினேன், பாதி வரைக்கும்." குட்டியின் சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். "எங்க இருக்கீங்கன்னு பார்க்கலாம்னு உங்க பக்கத்தைத் திறந்தேன். அம்மாவுக்கு எழுதியிருந்தீங்க. வீட்லதான் இருக்கீங்க, நான் ரொம்ப சந்தோஷமா இருக்கேன்னு. அவ்வளவு சந்தோஷமா இருக்கிறவ எதுக்கு ஊர் விட்டு ஊர் போகணும்? அழிச்சிட்டு மாத்தி எழுதிட்டேன்."

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் அவனே அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டான். மனைவிக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது, தவறுதலாக எழுதிவிட்டாள் என்று சரளமாகப் புளுகினான். எதிர்முனையில் இருந்தவர் மரியாதையாகவே பேசினார். பட்டியலில் இரண்டாவதாக இருந்தவரைக் கேட்டுவிட்டார்களாம். அவர் ஏழு பத்துக்கே சம்மதம் சொல்லிவிட்டாராம். அவன் நன்றி சொல்லிவிட்டு வைத்தான். இப்படிப் பேசியதை அவளிடம் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அவளே, "அவங்களுக்குப் போன் பண்ணீங்களாமே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்சம் சிரித்த மாதிரிகூட இருந்தது. அவன் சரியாகப் பார்ப்பதற்குள் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

மாமியாருக்கு எழுதிய அந்த வரியை அவன் அழித்தான். மாமியார் உடனே கூப்பிட்டு, "ஏன் மாப்பிள்ளை, ஏதாவது கோபமா?" என்று பதறினார். "இல்ல அத்தை, அது பொய். அன்னிக்கு நான் வீட்ல இல்ல" என்றான். அவர், "அவளும் குழந்தையும் தனியாவா இருந்தாங்க?" என்று மட்டும் கேட்டார்.

இப்போதெல்லாம் ஐந்து ஐம்பதுக்கே வீட்டில் இருக்கிறான். போன் அலமாரியில், துணிகளுக்கு அடியில். மூன்று பேரும் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். அவள் அன்றைக்கு வந்த நோயாளிகளைப் பற்றிச் சொல்கிறாள். ஊசியைக் கண்டு மயங்கி விழுந்த போலீஸ்காரரைப் பற்றிச் சொன்னபோது எல்லோரும் நன்றாகச் சிரித்தார்கள். நல்ல வீடுதான். ஆனால் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, தினமும் ஒரு தடவையாவது அவன் கேட்டுவிடுகிறான்: "என்கிட்ட ஏதாவது கேட்கணுமா?"

அவள் நிஜமாகவே யோசித்துப் பார்க்கிறாள்.

"நாளைக்கு வரும்போது பிரெட் வாங்கிட்டு வந்துடுங்க" என்கிறாள்.

வாங்கி வருகிறான்.