காப்புக் கட்டிய வீட்டில் கயலின் ஷூ

மலேசியாவின் ஸ்கூடாயில் எங்கள் தெருவில் தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லோருமே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைகிறார்கள். அந்த ஒரு விஷயத்தில் இந்த நாடு எனக்கு அந்நியமாகப் பட்டதே இல்லை. எங்கள் வீட்டில்தான் கூத்து. என் மகள் கயல் படுக்கப் போகும்போது ஷூ போட்டுக்கொள்வாள். கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் இரண்டு தோல் ஷூக்கள். இரண்டையும் ஒரு உலோகச் சட்டம் இணைத்து, பாதங்கள் வெளிப்பக்கம் பார்க்கும்படி அகட்டி வைத்திருக்கும். ஒருநாள் கறிக்குழம்பு கொடுக்க வந்த பக்கத்து வீட்டு மகேஸ் அக்கா கட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, "பாப்பா ஸ்கேட்டிங் பழகுதா லா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் பாத்திரத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

கயல் ஜொகூர் பாருவில் பிறந்தவள். பிறக்கும்போதே வலது பாதம் உள்பக்கமாக மடங்கித் திரும்பியிருந்தது. மலாய்க்கார டாக்டர் வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி மாவுக்கட்டுப் போட்டார். பாதம் நேரானதும் இந்த ஷூவைக் கொடுத்தார். வளர்கிற பாதம் பழைய வளைவைத் தேடிப் போய்விடும், அதனால் நாலைந்து வயது வரை தூங்கும் நேரமெல்லாம் இது காலில் இருக்க வேண்டும் என்றார். கட்டுப் போடுவது தன் வேலை, ஷூ எங்கள் வேலை. அதே வாரம் என் கணவர் தமிழ்நாட்டில் இருக்கும் தன் ஊர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார். பிள்ளை நேராக நடந்தால் திருவிழாவில் காப்புக் கட்டி, வெள்ளிப் பாதம் செலுத்துவதாக. கயல் நடந்தாள். கூடத்தின் வழவழத் தரையில் இரண்டு பாதமும் நேராகப் பதிய அவள் என்னிடம் நடந்து வந்ததைப் பார்த்து நான் அழுதேன்.

போன ஆடியில் அப்பாவும் மகளும் மட்டும் ஒரு மாதம் ஊருக்குப் போனார்கள். நான் பாடம் நடத்தும் கல்லூரியில் பரீட்சை நேரம், விடுப்புக் கிடைக்கவில்லை. ஷூவைப் பெட்டியில் நான்தான் மேலாக வைத்தேன், கையில் உடனே கிடைக்கட்டும் என்று. காப்புக் கட்டிவிட்டால் என் கணவர் வீட்டில் யாரும் செருப்புப் போடுவதில்லை. தேர் நிலைக்கு வரும்வரை தெருவே கோயில். முதல் நாள் இவர் ஷூவை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போனதும் என் நாத்தனார் தடுத்திருக்கிறார். "காப்புக் கட்டின வீட்ல படுக்கையில தோல் செருப்பா தம்பி? அவ காலுக்குத்தானே வேண்டியிருக்க?" இவர் ஷூவைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டார்.

திருவிழா முடிந்த பிறகாவது போட்டிருக்கலாம். ஷூ இல்லாமல் உருண்டு புரண்டு தூங்கிப் பழகிய பிள்ளை, சட்டத்தைக் கண்டதும் வீறிட்டிருக்கிறாள். விலங்கு மாட்டாதே என்று பார்த்தவர்களெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். ஸ்கூடாய் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இவர் விட்டுவிட்டார். தினமும் வீடியோவில் பேசினோம். கயலின் முகத்தை மட்டும் காட்டினார். நன்றாகத் தூங்குகிறாளா என்று கேட்டேன். இங்கே வந்த பிறகுதான் இவ்வளவு நன்றாகத் தூங்குகிறாள் என்றார்.

திரும்பி வந்த அன்று சாயங்காலமே ஷூவைப் போட உட்கார்ந்தேன். இடது கால் நுழைந்தது. வலது குதிகால் உள்ளே இறங்கவே இல்லை. கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். இவர் மஞ்சள் நூல் கட்டியிருந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார்.

ஏன் ஷூ போடவில்லை என்று டாக்டர் கேட்டார். கோயில் திருவிழா, ஷூ கூடாது என்றார் இவர். டாக்டர் புரிந்துகொண்டதுபோலத் தலையாட்டினார். தாங்களும் பள்ளிவாசலுக்கு வெளியே கழற்றுகிறவர்கள்தான் என்று சொல்லி, வெளியே வந்ததும் போட்டிருக்கலாமே என்று சாந்தமாகக் கேட்டார். ஒரு மணி நேரக் கோயிலை நினைத்துக்கொண்டிருந்தார் அவர். கோயிலுக்கு வெளியே என்று ஓர் இடமே இல்லாமல் போன அந்த நாட்களை இவர் ஆங்கிலத்தில் சொல்ல முயன்று பாதியில் நிறுத்திக்கொண்டார். டாக்டர் கயலின் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி மாவுக்கட்டு, பிறகு பெரும்பாலும் தசைநாண் அறுவை. அதற்கப்புறமும் திரும்பாது என்று உறுதி சொல்ல முடியாதாம். பழையபடி ஆகிவிடுமா என்று நான் கேட்டேன். "சூசா, புவான்," என்றார். கஷ்டம் அம்மா என்று அர்த்தம். அவர் கையால் நேராக்கிய பாதம் அது. அவருக்கும் வருத்தம்தான்.

இதை வாசிக்கும் ஊர்க்காரர்கள் என் நாத்தனாரைக் குறை சொல்ல வேண்டாம். அவர் கயலுக்காக அந்தத் திருவிழா முழுவதும் ஒருவேளைதான் சாப்பிட்டார். பிள்ளையோடு விடுப்பில் போகிறவர்களுக்கு நான் ஏதாவது யோசனை சொல்லலாம். சொல்ல எனக்குத் தெம்பில்லை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் ஆளைத் தின்கிறது. கயல் இப்போது மாவுக்கட்டைத் தரையில் இழுத்துக்கொண்டு கூடத்தில் தவழ்கிறாள், நடக்கத் தெரிந்த பிள்ளை.

ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்தினம் எடுத்த படம் ஒன்று இவர் கைபேசியில் இருக்கிறது. இவர் உள்ளங்கையில் வெள்ளித் தகட்டில் செய்த சின்னப் பாதம். வலது பாதமாகத் தேடி வாங்கியிருக்கிறார். ஐந்து விரல்களும் ஒழுங்காக, கோணல் துளியும் இல்லாமல். அதை அம்மன் உண்டியலில் போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினார்கள். நேரான பாதம் அங்கே இருக்கிறது. கயலின் பாதம் இங்கே, கட்டுக்குள்.